தொண்ணூறு கிலோவும் இரண்டு விரலும்

பதினோரு கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்த தொண்ணூறு கிலோ மச்சானை, நாற்காலியை விட்டு எழாமல், இரண்டே விரலால் அலாக்காகத் தூக்கி லிஃப்டுக்கு வெளியே வைத்தவர் நம் டிசைனர்.

நம்பாவிட்டால் போகிறது. அந்த மச்சானே இருபது வருஷமாக நம்பவில்லை.

அன்று மத்தியானம் மூன்று மணிக்குச் சோதனை. புது லிஃப்டை ஆறாவது மாடிக்கு ஏற்றிக் கயிற்றை விட்டுவிடுவார்கள். பெட்டி விழும். விழுந்த மறுநொடி இரண்டு பக்கமும் இரும்பு ஆப்புகள் பாய்ந்து, பெட்டி ஓடுகிற ரெயிலைக் கவ்வி நிறுத்த வேண்டும்.

அந்த ஆப்பை வரைந்தவர் டிசைனர். பெட்டிக்குள் மணல் மூட்டை வைப்பதுதான் முறை. ஆனால் வாங்க வந்தவர்கள் நாலு பேர் முன்னால் ஃபிட்டர் மச்சானுக்குக் கால் தரையில் நிற்காது. தானே ஏறிக்கொள்வார்.

"என் தங்கச்சி புருஷன் போட்ட பிரேக்கு. மூட்டை எதுக்கு, நான் போதாதா?"

இரண்டே முக்காலுக்கு டிசைனர் தன் ஆபீஸில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சும்மாதான் வரைபடத்தின் மூலையைப் பார்த்தார். ரெயிலும் ஆப்புமாக மொத்த எடை நாற்பத்தோரு கிலோ எழுநூறு கிராம்.

போன மாதமும் அதேதான்.

நடுவில் ரெயிலைப் பதினாறு மில்லிமீட்டரிலிருந்து பத்தாக இளைக்க வைத்திருந்தார்கள். ரெயில் இளைத்தும் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

டிசைனர் கம்ப்யூட்டரில் மாடலைத் திறந்தார்.

அந்த மாடல் ஆயிரத்து நானூறு படிகளாக ஒன்றின் மேல் ஒன்று கட்டியது. ஒன்றை மாற்றினால், எது மாறியதாகத் தனக்குப் படுகிறதோ அதை மட்டும் சாஃப்ட்வேர் புதுப்பிக்கும். மற்றதையெல்லாம் பழையபடியே காட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். முதல் கோட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கட்டு என்று சொல்ல, கீபோர்டில் கன்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

யாரும் அழுத்தமாட்டார்கள். ஒருமுறை எவனோ அழுத்தி, திரை முழுக்கச் சிவப்புப் பிழையாகக் கொட்டி, நாலு பேரின் ஒரு மாத உழைப்பு நாசமானது. மேனேஜர் அன்றைக்கே க்யூ பட்டனைப் பிடுங்கி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

டிசைனர் ஒரு விரலைக் கன்ட்ரோலில் வைத்தார். இன்னொரு விரலைப் பட்டன் இருந்த குழிக்குள் விட்டு, உள்ளே இருந்த ரப்பர் மொட்டை அழுத்தினார்.

கம்ப்யூட்டர் போட்ட இரைச்சலில் பக்கத்துக் கட்டடத்துத் திரைச்சீலை ஆடியது. மேசையிலிருந்த பென்சில்கள் தானாக உருண்டு வாசலைப் பார்க்க ஓடின.

பத்து சதவீதம். மணி இரண்டு ஐம்பது.

நாற்பது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எழுபத்தொன்றில் நின்றே போனது. வீட்டில் மனைவி கதவைத் திறந்து, "அண்ணன் வரலையா?" என்று கேட்பதுபோல் இருந்தது.

நூறு. இரண்டு ஐம்பத்தெட்டு.

ஒரு சிவப்புகூட இல்லை. எல்லாம் சமர்த்தாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டுவிட்டது. முழுதாகப் பாய்ந்த ஆப்பு மட்டும் ரெயிலைத் தொடாமல், பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, காற்றைக் கவ்விக்கொண்டு நின்றது.

அவர் கையெழுத்துப் போட்ட நாளில், திரையில் அது தொட்டுக்கொண்டுதான் இருந்தது. மச்சானுக்குப் போனைப் போட்டார்.

"மச்சான், இறங்கு. வெளிய வா."

"என்ன மாப்ள? ஒண்ணும் கேக்கல. சிக்னல் இல்ல, இரு."

செருப்புச் சத்தம். பிறகு போனுக்குள் ஒரு இரும்புச் சத்தம். ஆறு மாடியும் நிற்காமல் இறங்கியது. மேலே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் மூன்று ஆனதும் கயிற்றை விட்டிருந்தான்.

டிசைனர் போனைக் காதோடு அழுத்தினார். வெகுநேரம் கழித்து போன் பேசியது.

"இருக்கேன்."

அதற்கப்புறம் எந்த விசேஷத்தில் டிசைனர் இந்தக் கதையை எடுத்தாலும், மச்சான் குறுக்கே விழுந்துவிடுவார். "இவன் என்ன தூக்கினான்? சிக்னல் கிடைக்கல, நானா வெளிய வந்தேன். அளக்கிறான் பாரு!" சுற்றி இருப்பவர்கள் மச்சான் பக்கம்தான். தங்கச்சிகூட.

போன வாரம், இரண்டு பேரும் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாலாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கியது. மச்சான் டிசைனரின் முழங்கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

கீழே வந்து கதவு திறந்தது. மச்சான் நகரவில்லை.

"அன்னிக்கு சிக்னல் ஃபுல்லா இருந்துச்சு மாப்ள," என்றார். "நீ 'இறங்கு'ன்னது முதல் வாட்டியே கேட்டுச்சு."