நல்ல ரத்தம்

“கண்ணு பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?” லேபுக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா சீறினார். “ஒரு ஸ்லைடுல கழுத்துக் கட்டி நோயாளியோட ரத்தம், இன்னொண்ணுல ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆளோட ரத்தம் வைக்கணும். ரெண்டுலயும் நோயாளி ரத்தத்தையே தடவி வச்சிருக்கீங்க. ரெண்டுலயும் அதே வெள்ளணுப் புற்று!”

டெக்னீஷியனுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷ சர்வீஸில் ஒரு லேபிள்கூட மாறியதில்லை.

“பார்த்துதான் வச்சேம்மா.”

“பேசாம மறுபடி போடுங்க.”

போட்டார். மைக்ராஸ்கோப்பில் குனிந்த டாக்டரம்மா வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது குரலில் சூடு இல்லை.

“மறுபடியும் ரெண்டுலயும் இருக்கு. இது ஆமை வேகத்துல வளர்ற நோய். வருஷக்கணக்கா உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது. அந்த நல்ல ரத்தம் யார்கிட்ட எடுத்தீங்க? உடனே அவரைக் கூப்பிடணும்.”

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சொட்டு ரத்தத்துக்குத் தினமும் காலையில் யாரைப் போய்க் கெஞ்சுவது? டெக்னீஷியன் தன் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

“ஆறு வருஷமா என் ரத்தத்தோட ஒத்துப்போனவங்களைத்தானேம்மா, ‘ஒண்ணுமில்ல, போய்ட்டு வாங்க’ன்னு வீட்டுக்கு அனுப்பினோம்?”