மண்வாசனை பீர்

தொம்மலூர் பப்பில் பீர் காய்ச்சும் சுதீரைச் சுற்றி ஏகப்பட்ட கேமராக்கள். அவனுடைய கேழ்வரகு பீருக்குத்தான் போட்டியில் முதலிடம்.

“அந்த மண்வாசனை எப்படி சார் வந்துச்சு?”

“மூணு மாச ஆராய்ச்சி! வெட்டிவேர், கொள்ளு, மாங்கொட்டைன்னு எதையும் விட்டு வைக்கல. ஆனா, ரெசிப்பியை உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்” என்றான், நோபல் வாங்கியவன் தோரணையில்.

பப் முதலாளி கோமளம் பூரித்துப்போய் மைக்கை வாங்கினார்.

“சுதீர், உனக்கு ஒரு கிஃப்ட்! அந்த லாரித் தண்ணியை இன்னியோட நிறுத்திட்டேன். பாவம், அந்தக் கலங்கல் தண்ணியிலயே இவ்ளோ சாதிச்சிருக்கே! நாளையிலேர்ந்து உனக்குச் சுத்தமான காவேரித் தண்ணி!”

கைதட்டல் காதைப் பிளந்தது.

சுதீர் வெளிறிப்போய் அவர் காதருகே குனிந்தான்.

“மேடம், அந்த லாரிக்காரர் நம்பரை அழிச்சிடாதீங்க. ரெசிப்பி அவர்கிட்டதான் இருக்கு!”