முதல் கட்டத்து எட்டு

"இப்பல்லாம் மனுசனைப் பேரு சொல்லி எவன் கேக்குறான்? எல்லாத்துக்கும் நம்பரு," என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவுக்குள் குந்தியபடி முனகுகிறார் கந்தப்பன். குடிசன மதிப்புக் கணக்கெடுக்கப் பதுளை டவுனிலிருந்து வந்திருக்கும் காமில் மாஸ்டர், கதவில் வெண்கட்டியால் வீட்டு எண்ணை எழுதிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் படிவத்தை மடியில் விரித்திருக்கிறார். மொனராகலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் இரண்டு வருடமாக வராத மகள் ஜெயலெட்சுமியின் பெயரை அதில் எழுத முடியாது என்கிறார். "இருக்கிற எடத்துலதான் பதியணும், ஐயா." கந்தப்பனின் மனைவி வேலாயி முந்தானை நுனியைத் திருகுகிறாள். "அப்ப எம்புள்ள எங்களுக்கு இல்லைன்னு எழுதுறீங்களா, தம்பி?" தகரக் கூரையிலிருந்து விட்டுப்போன மழை சொட்டுகிறது. மாஸ்டரின் பேனா கட்டங்களின் மேல் தயங்கி நிற்கிறது. "இங்க பாருங்கம்மா. நம்ம பதுளை மாவட்டத்துக்கு நம்பரு எட்டு, ஒண்ணு. மொனராகலைக்கு எட்டு, ரெண்டு. முன்னால நிக்கிற எட்டு ஊவா மாகாணம் முழுசுக்கும். மக பேரு எழுதுற தாள்லயும் இதே எட்டுதான் முதல்ல வரும்." வேலாயி குனிந்து அந்த முதல் கட்டத்தை மெல்லத் தடவுகிறாள். விரலிலிருந்த கொழுந்துக் கறை ஓரத்தில் ஒட்டுகிறது. மாஸ்டர் அதைத் துடைக்காமல் விடுகிறார். "ஆத்தாளும் மகளும் ஒரே எட்டுக்குள்ளன்னா, அந்த எட்டு போயி அவளக் கூட்டியாருமா?" என்கிறார் கந்தப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், கதவிலிருக்கும் வெண்கட்டி எண் அழிந்துவிடாதபடி ஒருக்களித்து இறங்கி, "நம்பராம் நம்பரு" என்று தலையை ஆட்டிக்கொண்டே நடக்கிறார்.