இரண்டு முட்டுச்சந்துகள்

கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி முட்டுச்சந்துக்குள் நுழைந்தேன்.

நேற்று என் மனைவி இதே சந்துக்குள் வந்திருக்கிறாள். சுவர் வரை போய், வந்த வழியே திரும்பியிருக்கிறாள். அவள் போகிற இடமெல்லாம் என் கைபேசி வரைபடத்தில் நீலக் கோடாக விழும். பாதுகாப்புக்கு என்று சொல்லி, என் கோடும் அவளுக்குத் தெரிகிற மாதிரி, இரண்டு கைபேசியிலும் நான்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன்.

நடைப்பயிற்சி என்றாள். நடைப்பயிற்சிக்குப் போகிறவள் பூங்காவைச் சுற்றுவாள். முட்டுச்சந்தில் என்ன வேலை?

பதினாறு வருடமாக நான் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கம் திரும்புகிற விதத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவேன். என்னிடமே கதை விடுகிறாள்.

இன்று வார விடுமுறை. அவள் போட்ட கோட்டில் ஒரு தெரு விடாமல் நடந்து பார்த்துவிடுவது என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவளுடைய புள்ளி வீட்டை விட்டு நகரவில்லை. அதையும் நிமிடத்துக்கொரு தரம் பார்த்துக்கொண்டேன்.

சந்து முனையில் ஒருவர் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்று ஒரு பெண் வந்தாளா என்று கேட்டேன்.

“வந்தாங்க சார். செவுரு வரைக்கும் போய்த் திரும்புனாங்க. பக்கத்துச் சந்துலயும் அப்படித்தான். தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டே போனாங்க.”

சிரித்தாளா? எங்கள் வீட்டில் அவள் சிரித்தே எத்தனையோ நாளாகிறது.

பக்கத்துச் சந்திலும் சுவர்தான். அதற்கப்புறம் நீளமாக ஒரு கடைத்தெரு. அதிலிருந்து கால்வாயை நோக்கி இறங்கும் நான்கு தெருக்கள். நான்கிலும் கடைசி வரை இறங்கி, அதே வழியில் ஏறியிருக்கிறாள். நானும் இறங்கினேன், ஏறினேன். ஒரு மாடியில் ஆண் சட்டை காய்ந்தது. கதவு எண்ணைக் குறித்துக்கொண்டேன். இன்னொரு வீட்டு வாசலில் மீசை வைத்த ஒருவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அதையும் குறித்துக்கொண்டேன்.

கோடு முடிந்தபோது பதினான்கு கதவு எண்கள் சேர்ந்திருந்தன. குதிகாலில் தோல் உரிந்திருந்தது. பதினான்கில் யார் என்று இன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அவளுடைய கைபேசி சாப்பாட்டு மேசைமேல் சார்ஜில் கிடந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை.

கையில் எடுத்ததும் திரை விழித்தது. அதே வரைபடம், ஆனால் சுருக்கி, நகரம் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அதில் இருந்தது இன்றைய கோடு. நான் நடந்தது.

நீளமாக இரண்டு காதுகள். முதுகு. நான்கு கால்கள். பின்னால் ஒரு வால். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், கழுதை என்று.

படுக்கையறைக்கு ஓடினேன். அலமாரியில் அவளுடைய தட்டுகள் மூன்றும் காலி. அவசரத்தில் கிளம்பின மாதிரி எதுவும் இல்லை. வெறும் ஹேங்கர்களைக்கூட ஒரே பக்கம் பார்த்து வரிசையாக மாட்டியிருந்தாள். கீழ்த்தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை எடுத்துவிட்டுப் புதிதாக விரித்திருந்தாள்.

அவளுக்கு மூன்று மணி நேரம் இருந்திருக்கிறது. நான்தான் கொடுத்தேன்.