எங்கேயிருந்து பாக்கிறீங்க?

கருவாடெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகும் நிஃப்லா பேஸ்புக் லைவை நிறுத்தவில்லை.

"கட்டாக் கருவாடும் முடிஞ்சி. இன்னும் என்னத்தக் காட்டப் போறீங்க மதினி?" கணவனின் தங்கை அகீலா வெடித்தாள். "கடலுக்குப் போன என்ட நானா இன்னும் கரை திரும்பல்ல. வீட்டுக்குள்ள அடங்கி இருக்க வேண்டிய நேரத்துல இதென்ன கூத்து? மாம்புரி ஊரே கதைக்குது."

"யாவாரமெண்டா நாலு பேருக்கு முகம் தெரியணும் புள்ள."

சுவரில் தொங்கிய படத்தின் பக்கம் போனைத் திருப்பினாள் நிஃப்லா. "இதுதான் எங்கட படகு. நல்லாப் பாத்துக்கொள்ளுங்க. எங்கேயிருந்து பாக்கிறீங்க? கடலோரத்து ஆக்கள் கட்டாயம் ஷேர் பண்ணுங்க."

கத்தார், குவைத் என்று பதில்கள் வந்து விழுந்தன. இதயங்கள் பறந்தன.

அப்போதுதான் மாலைதீவிலிருந்து அந்த மெசேஜ் வந்தது. கூடவே, கரையொதுங்கிய ஒரு பச்சைப் படகின் படம்.

"ராத்தா, நான் உங்கட பக்கத்து முந்தல் ஊர் ஆள், இங்க வேல செய்றன். உங்கட லைவ்ல காட்டுற படகுதானே இது? உள்ளுக்கு ஒருத்தர் மௌத்தாகி இருந்தார். ஜனாஸா தொழுது அடக்கிட்டோம்."

நிஃப்லா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"அகீலா, உன்ட நானா கிடைச்சிட்டார்."

பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு லைவ் இல்ல. நான் புருஷனுக்காக வீட்டுக்குள்ள அடங்கி இத்தா இருக்கப் போறன்."