கவுன்சில் வீட்டு விருந்தாளி

எட்டு மாதமாக ஜெயகௌரி வீட்டில் அறை எடுத்துக் கல்லூரிக்குப் போய்வரும் கோசிகா, இன்றுதான் முதன்முதலாக முன்னறைச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். லண்டன் இல்ஃபோர்டின் மத்தியான வெளிச்சம் கழுநீர்போல் யன்னலில் தேங்கி நிற்கிறது. இது நகரசபை குறைந்த வாடகைக்குக் கொடுத்திருக்கும் கவுன்சில் வீடு. அவர்களிடம் கேட்காமல் வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது. கவுன்சில்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டியதும், ஜெயகௌரிதான் அவளை இழுத்துவந்து இங்கே இருத்தினாள். இப்போது அவர் மேல்மாடியில் ஒவ்வொரு கதவாகத் திறக்கும் சத்தம் கேட்கிறது.

"என்ர தங்கச்சியின்ர மகள், பாரிசிலயிருந்து வந்து நிக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டன்."

"பிரெஞ்சில கேட்டா என்ன செய்யிறது, அன்ரி?"

"அவருக்கு மட்டும் தெரியுமே? சாய்ஞ்சு இரு பிள்ளை. விருந்துக்கு வந்தவள் இப்பிடி ஒடுங்கிக்கொண்டே இருப்பாள்?"

அவர் இறங்கிவந்து, கோசிகாவிடம் எப்போது திரும்பிப் போகிறாய் என்று சிரித்தபடி கேட்கிறார். இன்றைக்குப் பின்னேரம் என்று ஜெயகௌரி முந்திக்கொள்கிறாள். அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டு போகிறார்.

கதவு சாத்தியபின்னும் இருவரும் அசையவில்லை. தெருவில் அவருடைய சப்பாத்துச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்கிறது.

"எழுதிக்கொண்டு போட்டார் பிள்ளை. திரும்பி வந்து உன்னை இஞ்ச கண்டாரெண்டா, என்ர பிள்ளையளும் றோட்டிலதான்."

"கொலிஜுக்குக் கிட்ட இந்த வாடகைக்கு வேற அறை இல்லை, அன்ரி. நாளைக்குச் சோதினையும் எழுதவேணும்."

"தெரியும்," என்கிறாள் ஜெயகௌரி. மாடிப்படிக்குக் கீழே குனிந்து, கோசிகாவின் சூட்கேசை வெளியே இழுத்து, அதிலுள்ள தூசியைத் தன் சட்டைக் கையாலேயே துடைக்கிறாள்.