ஒன்பது நாளுக்குள் ஒரு நோயாளி

"ஒன்பது நாள்தான் சார் இருக்கு. அதுக்குள்ள ஒரு நோயாளி கிடைக்கலேன்னா நான் விமானம் ஏற வேண்டியதுதான்."

மருந்துக்கடைக்காரர் சொல்லி அனுப்பி வந்தவள், வாசலில் நின்றபடியே கொட்டிவிட்டாள். வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஆறு வருஷமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்த அம்மாள் போன மாதம் கண்ணை மூடிவிட்டார். அம்மாள் போனதோடு வேலை போயிற்று. வேலை போனதோடு இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போயிற்று. முப்பது நாள் தவணை கொடுத்தார்கள். அதில் இருபத்தொன்று, அழுவதற்கும் அலைவதற்குமே சரியாய்ப் போய்விட்டது. ஊரில் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

"எங்க அப்பாதாம்மா. தனியா இருக்கார். என்னால ஞாயித்துக்கிழமைதான் வர முடியுது. கூட ஒரு ஆள் இருந்தா நிம்மதியா இருக்கும்," என்றார் வாசலுக்கு வந்த மகன்.

"யாருடா அது வாசல்ல? கதவு திறந்துதானே கிடக்கு, உள்ள வரச் சொல்லு!"

உள்ளே சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் பெரியவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். கெட்டில், மாத்திரை டப்பா, ரேடியோ எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். லாரி ஓட்டிய மனுஷன். எழுபத்தெட்டு வயதிலும் தோள் இறங்கவில்லை.

"எனக்கா நர்ஸு? நாப்பது வருஷம் பதினாறு சக்கர வண்டி ஓட்டினவன்மா நான். ராத்திரி பூரா கண்ணு மூடாம மலை ஏத்தினவன். என் கையை எவ பிடிக்கணும்? டேய், அந்தத் தண்ணியை எடு."

மகன் எடுத்துக் கொடுத்தார். "பார்த்தீங்களா? நான் வந்துட்டா நாற்காலியை விட்டு அசைய மாட்டார். அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு ஒரே அதிகாரம்."

"பின்னே, உன்னை எதுக்குடா பெத்து வச்சிருக்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. "ஐயா நல்லா நடமாடுறாருங்களா சார்?"

"அதுக்கென்ன குறைச்சல்? தினம் காலையில கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வர்றேன்னு போன்ல சொல்றாரே!"

அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நடக்காது சார். தானா எழுந்திருக்க முடியாதவங்களுக்குத்தான் ஆள் வச்சுக்க அனுமதி. அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வரேன் ஐயா. திடமா இருக்கீங்க, இப்படியே இருங்க."

"நில்லும்மா. ஒன்பது நாள்னு சொன்னியே, அது என்ன கணக்கு?"

சொன்னாள். மகள் படிப்பையும் சேர்த்தே சொன்னாள். பெரியவர் ரேடியோக் குமிழைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"வர்ற அதிகாரி என்ன செய்வாங்க?"

"எழுந்து உட்காரச் சொல்வாங்க. காலைத் தூக்கச் சொல்வாங்க."

"முடியலேன்னா?"

"எனக்கு ரெண்டு வருஷம் கிடைக்கும்."

"இவ்வளவுதானா? நடிச்சுட்டாப் போச்சு!"

மகன் பதறினார். "அப்பா! இது அரசாங்க விஷயம். மாட்டினா இவங்களைத்தான் முதல்ல பிடிச்சு அனுப்புவாங்க."

"நீ சும்மா இருடா. தூங்கி வழிஞ்சுக்கிட்டே போலீஸ்காரன் முன்னாடி தூங்காத மாதிரி நாப்பது வருஷம் நடிச்சிருக்கேன்."

தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் தட்டிய வேறெந்தக் கதவும் திறக்கவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தவணையில் மூன்று நாள் மிச்சம் இருக்கும்போது அதிகாரியம்மாள் வந்தார். மகனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பெரியவர் கூடத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். 'ஐயா, அளவா நடிங்க' என்று அவள் முன்பே காதில் ஓதியிருந்தாள்.

"எழுந்து உட்காருங்க."

பெரியவர் முழங்கையை ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது. பாதி எழுந்தவர் அப்படியே சரிந்தார். அவள் பயத்தையெல்லாம் மறந்து பாய்ந்து போய்க் கழுத்தைத் தாங்கினாள். பழகிய கை அல்லவா!

"காலைத் தூக்குங்க."

இடது கால் ஒரு சாண் எழுந்து தொப்பென்று விழுந்தது. வலது கால் அதுவும் இல்லை.

"ராத்திரி பாத்ரூம் போகணும்னா என்ன செய்வீங்க?"

பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "தவழ்ந்துதான் போவேன்," என்றார். குரல் எழும்பவில்லை.

சிரிப்பை அடக்க முடியாமல் மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரியம்மாள் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு வருஷம் எழுதியிருக்கேன். இவரை இத்தனை நாள் எப்படி சார் தனியா விட்டீங்க?" என்று மகனை ஒரு முறை முறைத்துவிட்டுக் கிளம்பினார். மகன் நல்ல பிள்ளையாய்த் தலையைக் குனிந்துகொண்டு கார் வரைக்கும் வழியனுப்பப் போனார்.

அவள் கட்டில் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "எனக்கு உயிரே இல்லை ஐயா! அதுவும் அந்தத் தவழ்றது... அதை எங்கேயிருந்து பிடிச்சீங்க? போதும், எழுந்திரிங்க. சூடா டீ போடறேன்."

பெரியவர் அசையவில்லை. "அவன் வெளியே போயிட்டானா?"

"போயிட்டார் ஐயா."

"அப்ப வா, கை கொடுத்துத் தூக்கும்மா," என்றார் மெதுவாக. "ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமைதான் நடிச்சேன். இன்னைக்கு நடிக்கலை."